அறுபத்து நான்காம் கட்டம்



சென்ற மாதம் ஒரு நாள், அஸருக்குப் பின் நடைபெறும் வகுப்பில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து நின்றான். "ஹஜ்ரத், எல்லாவற்றிலும் பெரிய எண் எது?" என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் முன் வரிசையிலிருந்து ஒருவன் "கோடி" என்றான். இன்னொருவன் "கோடி கோடி" என்றான். கேட்ட சிறுவன் சிறிதும் தயங்காமல், "அதோடு ஒன்றைக் கூட்டினால்?" என்றான். வகுப்பே சிரித்தது. நான் அவசரமாக, "எண்ணுக்கு முடிவில்லை, உட்கார்" என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

நான் சொன்னது பிழையில்லை. ஆயினும் அது அவனுக்குரிய விடையும் இல்லை. உட்கார்ந்தபோது அவன் முகம் தெளியவில்லை. அவ்வளவு பெரியதை மனத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதே அவன் கேள்வியின் உட்பொருள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் கலைப் பட்டதாரி, வரலாறு படித்தவன், கணிதத்துக்குப் பள்ளிக்கூட வாசலிலேயே ஸலாம் சொல்லி விடைபெற்றவன். அந்த அறியாமைக்காக என் குடும்பம் ஒருமுறை விலை கொடுத்திருக்கிறது. அதனை இக்கட்டுரையின் இறுதியில் சொல்வேன். அதற்கு முன், அச்சிறுவனுக்கு மறுநாள் நான் சொல்லத் தொடங்கிய விடையை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

பெயர் வேறு, அறிவு வேறு

பெரிய எண்களுக்குப் பெயரிடுவதில் நம் முன்னோர் சளைத்தவர்களல்லர். குவளை, ஆம்பல், சங்கம், வெள்ளம் என்றெல்லாம் பேரெண்களுக்குப் பழந்தமிழில் பெயர்கள் இருந்தன. அரபு மொழியில் பழங்காலத்தில் ஆயிரத்துக்கு மேல் தனிச் சொல் இல்லை. பத்து லட்சத்தை "அல்ஃபு அல்ஃப்", அதாவது ஆயிரம் ஆயிரம் என்றே சொன்னார்கள். ஆனால் பெயர் தெரிந்ததாலேயே பொருள் தெரிந்துவிடுவதில்லை. லட்சம், கோடி, லட்சம் கோடி ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அவற்றுக்கு இடையே உள்ள தொலைவு நம் நாவுக்குத் தெரிவதேயில்லை.

மறுநாள் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். "ஒரு லட்சம் விநாடி என்பது எவ்வளவு காலம்?" ஒருவன் ஒரு மாதம் என்றான், ஒருவன் ஓர் ஆண்டு என்றான். கரும்பலகையில் வகுத்துப் பார்த்தோம். ஒரு நாளும் மூன்றே முக்கால் மணி நேரமும் சொச்சமும்தான். பத்து லட்சம் விநாடி பதினொன்றரை நாளுக்குச் சற்றே அதிகம். ஒரு கோடி விநாடி ஏறத்தாழ 116 நாள். நான்கு மாதத்துக்குச் சற்றுக் குறைவு. நூறு கோடி விநாடி சுமார் 31 ஆண்டு 8 மாதம். நாற்பதைக் கடந்த நான் இன்னும் 150 கோடி விநாடிகள் வாழ்ந்து முடிக்கவில்லை. லட்சம் கோடி விநாடியோ சுமார் 31,700 ஆண்டுகள்!

லட்சம் என்றால் நேற்று; கோடி என்றால் சென்ற பருவம்; நூறு கோடி என்றால் ஒரு தலைமுறை; லட்சம் கோடி என்றால் வரலாறு எழுதப்படுவதற்கு முன்னிருந்த காலம். அன்று வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

செய்தித்தாளில் பெரிய தொகை வரும்போதும் இதே போல் ஒரு கைப்பிடி தேடிக்கொள்ளலாம். 2024-25-ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் வரவு செலவுத் திட்டம் 48 லட்சம் கோடி ரூபாயைச் சற்றே தாண்டியது. இந்தத் தொகை நம் மனத்தில் ஒட்டாது. 140 கோடி மக்களுக்கு அதைப் பங்கிட்டால் தலைக்குச் சுமார் 34,000 ரூபாய். இப்போது ஒட்டுகிறது, நல்லதா, போதாதா என்று பேசவும் முடிகிறது.

ஐயுற்ற ஆசிரியரும் கணக்கரும்

சதுரங்கப் பலகையின் கதையைக் கேள்விப்படாதவர் குறைவு. சதுரங்கத்தைக் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் சிஸ்ஸா என்பவரிடம் மன்னர், "என்ன பரிசு வேண்டும்?" என்று கேட்கிறார். "முதற் கட்டத்துக்கு ஒரு கோதுமை மணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு, இப்படியே 64 கட்டங்களுக்கும் இரட்டித்துத் தந்தால் போதும்" என்கிறார் அவர். இவ்வளவு சிறிய பரிசா என்று மன்னர் முகம் சுளிக்கிறார். கணக்கிட்டுப் பார்த்த அதிகாரிகளோ, நாட்டிலுள்ள கோதுமை முழுவதும் போதாது என்று வந்து நிற்கிறார்கள்.

இது கதை. கதையைவிட எனக்குச் சுவையானது அதை எழுதிவைத்தவரின் நேர்மை. இர்பில் நகரில் 1211-இல் பிறந்து, கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் வாழ்ந்து, 1282-இல் மறைந்த இப்னு கல்லிகான் புகழ்பெற்ற நீதிபதி. முன்னோர் பலரின் வாழ்க்கை வரலாறுகளைத் திரட்டிப் பெருநூல் செய்தவர். அதில் அஸ்ஸூலி என்னும் சதுரங்க வல்லுநரைப் பற்றிச் சொல்லும் இடத்தில் இக்கதையையும் தருகிறார். அவருக்கும் முதலில் இதில் நம்பிக்கை வரவில்லை. கோதுமை அத்தனை ஆகுமா என்று ஐயுற்றார். பின்னர் அலெக்சாந்திரியா நகரத்துக் கணக்கர் ஒருவர் அவருக்கு விளங்கவைத்தார்.

அக்கணக்கர் இருபது இலக்க எண்ணை எழுதிக் காட்டி மிரட்டவில்லை. அளவையை மாற்றிக்கொண்டே மேலேறினார். 16-ஆம் கட்டத்தில் 32,768 மணிகள். இதை ஒரு கதஹ் என்னும் முகத்தலளவையாகக் கொண்டார். இனி மணிகளை மறந்துவிடலாம். கதஹ் கணக்கு மட்டும் போதும். 20-ஆம் கட்டத்தில் அது 16 கதஹ், அதாவது ஒரு வைபா. ஆறு வைபா சேர்ந்தால் ஓர் இர்தப்பு. 40-ஆம் கட்டத்தில் 1,74,762 இர்தப்புகளும் சொச்சமும். ஒரு களஞ்சியத்தில் இதற்கு மேல் கொள்ளாது என்று வைத்துக்கொண்டார். இனி இர்தப்பையும் மறந்துவிடலாம். 50-ஆம் கட்டத்தில் 1,024 களஞ்சியங்கள். ஒரு நகரத்தில் இதைவிட அதிகக் களஞ்சியங்கள் இரா. ஆகவே அது ஒரு நகரம். 64-ஆம் கட்டத்தில்? 16,384 நகரங்கள். உலகில் அத்தனை நகரங்கள் ஏது என்று முடித்தார். இப்னு கல்லிகானின் ஐயம் தீர்ந்தது.

மணியிலிருந்து கதஹ், கதஹிலிருந்து களஞ்சியம், களஞ்சியத்திலிருந்து நகரம். ஒவ்வொரு படியிலும் நம் கண்ணுக்குப் பழகிய ஒரு பொருள் நிற்கிறது. ஒரே தாவலில் ஏற முடியாத உயரத்துக்கு அக்கணக்கர் ஏணி வைத்தார்.

அல்பீரூனியின் மலைகள்

அவருக்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே, குவாரிஸ்ம் நாட்டில் 973-இல் பிறந்த அபூரைஹான் அல்பீரூனி இதே கணக்கைச் செய்திருக்கிறார். பண்டைய சமூகங்களின் காலக்கணிப்பைப் பற்றி 1000-ஆம் ஆண்டையொட்டி அவர் எழுதிய நூலில் 64 கட்டங்களின் மொத்தத் தொகையும் இருக்கிறது. அது 18,446,744,073,709,551,615.

இதைக் கண்டுபிடிக்க 64 முறை இரட்டிக்கத் தேவையில்லை என்று அவர் காட்டியதுதான் அழகு. ஐந்தாம் கட்டத்தில் 16 மணிகள். பதினாறைப் பதினாறால் பெருக்கினால் 256. அது ஒன்பதாம் கட்டம். 256-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 65,536; அது 17-ஆம் கட்டம். மீண்டும் அவ்வாறே பெருக்கினால் 33-ஆம் கட்டம். இன்னும் ஒருமுறை பெருக்கினால், பலகையில் இல்லாத 65-ஆம் கட்டம். எந்தக் கட்டத்தை எடுத்துக்கொண்டாலும், அதற்கு முன்னுள்ள எல்லாக் கட்டங்களின் கூட்டுத்தொகையைவிட அதில் ஒன்று அதிகம். ஆகவே அந்த 65-ஆம் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் பலகையின் மொத்தம் கிடைத்துவிடுகிறது. நான்கே பெருக்கல்கள், ஒரே ஒரு கழித்தல்!

அவரும் எண்ணை வெறுமனே விட்டுவிடவில்லை. பத்தாயிரம் திர்ஹம் கொண்டது ஒரு முடிப்பு; எட்டு முடிப்புகள் ஒரு கோவேறு கழுதையின் சுமை; பத்தாயிரம் கழுதைகள் ஒரு மந்தை; ஒரு பள்ளத்தாக்கில் ஆயிரம் மந்தைகள்; ஒரு மலைக்குப் பத்தாயிரம் பள்ளத்தாக்குகள் என்று வகுத்துக்கொண்டே போனார். முடிவில் 2,305 மலைகள் தேவைப்பட்டன. பூமி தாங்காத கணக்கு இது என்பதை ஒரு பார்வையிலேயே காட்டிவிட்டார்.

நம் காலத்து அளவைகளில் சொல்வதானால், ஒரு கோதுமை மணியின் எடை சுமார் 40 மில்லிகிராம். பலகையின் முதற் பாதி, அதாவது 32 கட்டங்கள் நிறைய ஏறத்தாழ 172 டன் போதும். பத்து டன் ஏற்றும் லாரிகள் பதினெட்டு இருந்தால் கொண்டுவந்து இறக்கிவிடலாம். மன்னர் அதுவரை புன்னகையோடுதான் இருந்திருப்பார். இரண்டாம் பாதியையும் நிரப்பவோ, இன்று உலகம் முழுவதும் ஆண்டுதோறும் விளையும் சுமார் 80 கோடி டன் கோதுமையை 900 ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து கொட்டவேண்டும். பெருக்கத்தின் இயல்பு இதுவே. பாதி வழி வரை அது சாதுவாக நடக்கிறது. அதன் பிறகு உலகம் கொள்ளாமற் போகிறது.

ஏணியும் எட்டாத இடம்

அந்தச் சிறுவன் இத்தோடு விட்டானா? "இதைவிடப் பெரியது?" என்றான். அதற்காகக் கணித ஆசிரியரான நண்பர் ஒருவரிடம் நான் மாணவனாக அமர்ந்தேன்.

மூன்று மூன்றுகளைப் பெருக்கினால் 27. இருபத்தேழு மூன்றுகளைப் பெருக்கினால் 7,62,559 கோடியே 74,84,987. இனி, இந்த விடை எத்தனையோ அத்தனை மூன்றுகளை எழுதிப் பெருக்குவோம். வரும் எண்ணில் 3,63,000 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் இருக்கும். கவனியுங்கள்: அது எண்ணின் மதிப்பன்று, எண்ணிலுள்ள இலக்கங்களின் தொகை மட்டுமே. விநாடிக்கு ஓர் இலக்கமாக இரவும் பகலும் எழுதினால், எழுதி முடிக்க 1,15,000 ஆண்டுகள் ஆகும். கதஹும் களஞ்சியமும் மலையும் இங்கே எட்டா.

இதுவும் தொடக்கப்படிதான். அமெரிக்கக் கணித அறிஞர் ரொனால்ட் கிரஹாம் (1935-2020) பெயரால் வழங்கும் எண் ஒன்று உண்டு. மார்ட்டின் கார்ட்னர் 1977-இல் 'சயின்டிபிக் அமெரிக்கன்' இதழில் எழுதியதன் வழியே அது பரவலாக அறியப்பட்டது. கணித நிரூபணம் ஒன்றில் பயன்பட்டவற்றுள் மிகப் பெரியதென 1980-இல் கின்னஸ் நூலிலும் ஏறியது. அதுவும் மூன்றை அடுக்கடுக்காகப் பெருக்கி உண்டாக்குவதே. ஆனால் நாம் காணக்கூடிய பிரபஞ்சம் முழுவதையும் தாளாக்கினாலும் அதன் இலக்கங்களை எழுத இடம் போதாது.

அத்தகைய எண்ணின் கடைசி இலக்கம் 7 என்று உறுதியாகச் சொல்கிறார்கள். எப்படி? மூன்றால் பெருக்கிக்கொண்டே போனால் கடைசி இலக்கம் 3, 9, 7, 1 என நான்கு படிகளில் திரும்பத் திரும்பச் சுழலும். கிரஹாம் எண் உண்டாகும் முறைப்படி அது அச்சுழற்சியின் மூன்றாம் இடத்தில்தான் வந்து நிற்கவேண்டும். மேலே சொன்ன 27-உம், 7,62,559 கோடியே 74,84,987-உம் ஏழில் முடிவதைப் பாருங்கள். அவையும் அதே இடத்தில் நிற்பவையே.

இதைக் கேட்டபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. பேரெண்ணைப் பிடிக்க இரண்டு கைப்பிடிகள் உள்ளன. ஒன்று அளவை: பழகிய பொருளால் அளந்து, படிப்படியாக ஏறுவது. மற்றொன்று விதி: அளக்க இயலாதபோது, அது எப்படி வளர்கிறது என்று கேட்பது. வளரும் விதி தெரிந்தால், எண்ணையே காணாவிட்டாலும் அதன் முடிவைச் சொல்லிவிடலாம்.

நான் செய்யாமற்போன கணக்கு

இனி, முன்பு சொல்வதாகக் கூறியது.

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், கணவரை இழந்த என் மூத்த சகோதரி ஒரு மாலையில் என் வீட்டுக்கு வந்தார். கையில் வழவழப்பான தாள் ஒன்று. "தம்பி, நீ நாலெழுத்துப் படித்தவன். இதைப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்" என்றார். ஆறாயிரம் ரூபாய் கட்டிச் சேரவேண்டும். சேர்ந்தவர் ஆறு பேரைச் சேர்க்கவேண்டும். அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்ப்பார்கள். கீழே சேர்பவர் கட்டுவதில் மேலே இருப்பவருக்குப் பங்கு வரும். தாளில் அழகான மரம் ஒன்று வரைந்திருந்தது. நான் மேலோட்டமாகப் பார்த்தேன். "ஆறு பேர்தானே ராத்தா, நமக்குத் தெரிந்தவர்களே போதுமே" என்றேன். சதுரங்கப் பலகையின் முன் நின்ற மன்னரைப் போலத்தான் நானும் பேசினேன்.

அவர் இரண்டு வளையல்களை விற்றுப் பணம் கட்டினார். அடுத்த வீட்டாரும் எதிர் வீட்டாருமாக நான்கு பெண்களையும் சேர்த்துவிட்டார். ஐந்தாவது ஆள் கிடைக்கவில்லை. கேட்ட இடமெல்லாம், "நாங்கள் முன்பே சேர்ந்துவிட்டோம், நீங்கள் எங்களுக்குக் கீழே வாருங்கள்" என்றார்கள். சில மாதங்களில் அலுவலகம் பூட்டப்பட்டது. பணம் போனதைவிட, அந்த நான்கு வீடுகளின் கதவுகள் என் சகோதரிக்கு அடைபட்டதே பெருந்துயரம். தையல் இயந்திரத்தில் இரவும் பகலும் உழைத்து, இரண்டு ஆண்டுகளில் நால்வருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அன்று நான் செய்திருக்கவேண்டிய கணக்கைச் சென்ற மாதம் மாணவர்களோடு சேர்ந்து செய்தேன். தொடங்கியவர் ஒருவர். முதல் வரிசை 6, அடுத்து 36, பிறகு 216, 1,296, ஐந்தாம் வரிசையில் 7,776. ஒன்பதாம் வரிசையில் ஒரு கோடியைத் தாண்டுகிறது. பத்தாம் வரிசை முடியும்போது மொத்தம் சேர்ந்தவர்கள் 7,25,59,411. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள் 7,21,47,030. அதாவது பத்தே வரிசைகளில், தொட்டிலிற் கிடக்கும் குழந்தை உட்பட மாநிலத்தில் ஒருவரும் மிச்சமில்லை! பதின்மூன்றாம் வரிசைக்கு மட்டும் 1,306 கோடிப் பேர் வேண்டும். 2022 நவம்பரில் உலக மக்கள்தொகை 800 கோடியை எட்டியதாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது.

இதைவிடக் கொடியது இன்னொன்று. இச்சங்கிலி எந்த வரிசையில் அறுந்தாலும், கடைசி வரிசையில் நிற்பவர்கள் மொத்தத்தில் ஆறில் ஐந்து பங்கினர். அவர்களுக்குக் கீழே ஒருவரும் இல்லை. ஆகவே கட்டிய பணம் திரும்பாது. நிருவாகி நல்லவரா கெட்டவரா என்பது இங்கே கேள்வியே இல்லை. ஆறில் ஐவர் இழப்பது அத்திட்டத்தின் விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பணச் சுழற்சித் திட்டங்களைத் தடைசெய்யும் சட்டம் நம் நாட்டில் 1978 முதலே இருக்கிறது. ஆனால் சட்டம் வந்து காக்கும்வரை காத்திராமல், ஐந்து நிமிடப் பெருக்கலே நம்மைக் காத்திருக்கும்.

வீட்டில் ஒரு பாடம்

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அமரவைத்து, தாளில் 64 கட்டங்கள் வரையச் சொல்லுங்கள். கோதுமைக்குப் பதில் அரிசியை வையுங்கள். முதல் எட்டுக் கட்டங்களுக்கு 255 மணிகள். ஒரு கைப்பிடிகூட ஆகாது. பிள்ளைகள் எண்ணி வைத்துவிடுவார்கள். 16 கட்டங்களுக்கு ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று அதிகம். இருபதாம் கட்டம் வரை நிரப்ப ஏறத்தாழ இருபது கிலோ ஆகும். அதற்குள் தாய்மார்கள் அரிசிப் பானையை மூடிவிடுவீர்கள். "இன்னும் 44 கட்டங்கள் இருக்கின்றனவே" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அப்போது மலைகளின் கதையைச் சொல்லுங்கள்.

அதோடு நில்லாமல் ஒரு பழக்கத்தையும் ஏற்படுத்துங்கள். பெரிய தொகை எதைக் கேட்டாலும், தலைக்கு எவ்வளவு, நாளுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்கவேண்டும். பெருகும் என்று யாரேனும் ஆசை காட்டினால், பத்துப் படி தள்ளி அது எங்கே போய் நிற்கும் என்று பெருக்கிப் பார்க்கவேண்டும். இதற்குப் பட்டம் தேவையில்லை. ஒரு பென்சிலும் ஒரு துண்டுத் தாளும் போதும்.

வகுப்பில் அந்தப் பெருக்கலை முடித்த நாளன்று, கேள்வி கேட்ட சிறுவனின் தாளை வாங்கிக்கொண்டு என் சகோதரியின் வீட்டுக்குச் சென்றேன். வரிசை வரிசையாக விளக்கினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் அதைப் பார்த்தார். பத்தாம் வரிசைக்கு வந்ததும், "அப்படியானால் எனக்கு ஐந்தாவது ஆள் கிடைக்காமல் போனது என் சாமர்த்தியக் குறைவினால் இல்லையா தம்பி?" என்று கேட்டார்.

பதினைந்து ஆண்டுகளாக அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இல்லை ராத்தா, கணக்கில் ஆள் இல்லை" என்றேன்.